சைக்கிள் முடியாத தொட்டியும் விருத்தாசலத்தின் வலது கையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு சைக்கிள் கதையாகத்தான் ஆரம்பித்தது.

ஒரு சிற்றிதழ் சைக்கிள் சிறப்பிதழ் கொண்டுவரப் போவதாகச் சொல்லி என்னிடம் கதை கேட்டது. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. தெரியாததைப் பற்றி எழுதுவதில் நீண்ட அனுபவம் உண்டு என்பதால் ஒப்புக்கொண்டேன். விழுப்புரத்தில் நான் குடியிருக்கும் மாடி வீட்டில் ஒரு வரியும் ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்கார அம்மணியம்மா துணி காயப்போட மேலே வந்தார். எழுதுகிறவர்கள் எல்லாரும் டீச்சர் என்பது அவர் கணக்கு.

“இன்னா டீச்சரம்மா, எழுதிக்கினு இருக்கீங்களா? எழுதுங்க. எம் புள்ள புகழேந்தி கல்யாணம்தான் சைக்கிளால நின்னுடும் போல இருக்குது.”

“சைக்கிளாலயா?”

“ஆமாம்மா. இன்னும் சைக்கிள் முடியலையாம். முடிஞ்சாத்தான் வீட்டுக்கு ரெண்டு உயிரு வருமாம். பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நாளு கிட்ட வந்துடுச்சி. எனக்கு ஒரே பேஜாரா இருக்குது.”

புடவையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் பேனாவைப் பிடித்தேன்.

‘முதல் தொடக்கம்: புகழேந்தியின் சைக்கிளுக்கு ஒரு பெடல் இல்லை. அவன் வாழ்க்கையிலும் ஏதோ ஒன்று’

(இத்துடன் நிறுத்திக்கொண்டேன். ‘ஏதோ ஒன்று’ என்று எழுதுகிறவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை.)

இருந்தாலும் விடவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் கேரியரில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, செயினைக் கழற்றி, மறுபடி மாட்டி, இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். பிறகுதான் அந்த சைக்கிளை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமே என்று கீழே இறங்கினேன். இறங்காமல் இருந்திருந்தால் இந்நேரம் கதை அச்சாகியிருக்கும்.

2

கீழ்வீட்டுக் கூடத்தில் சைக்கிள் எதுவும் இல்லை. டிவி இருந்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அடியில் வெள்ளை மணல், நாலைந்து கற்கள், நீல விளக்கு, முணுமுணுவென்று ஓடும் மோட்டார். தண்ணீர் பளிச்சென்று இருந்தது. மீன் மட்டும் இல்லை. பழைய நைலான் சாக்ஸ் ஒன்றை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டிருந்தார்கள். சாக்ஸுக்குள் ஓர் இறால் அழுகிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கைக்குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான் புகழேந்தி.

புகழேந்தி அம்மணியம்மாவின் ஒரே மகன். விக்கிரவாண்டியில் போர்வெல் மோட்டார்களுக்குக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். ஊரார் தண்ணீரையெல்லாம் மேலே ஏற்றிக் கொடுக்கிறவனுக்குத் தன் வீட்டில் கொஞ்சம் கடல் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவனைக் கேட்டேன். “நல்லா இருக்கும் இல்லக்கா?” என்றான். இதற்கு மேல் உளவியல் எதுவும் கிடைக்கவில்லை.

“சைக்கிள் எங்கடா?”

“இதாங்க்கா சைக்கிள். ஆயிக்கினு இருக்குது.”

நான் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவனே விளக்கினான். “இறால் அழுவுச்சின்னா தண்ணியில ஒரு வெசம் ஊறும்க்கா. அதைத் தின்றதுக்குன்னே ஒரு கிருமி வளரும். அது தின்னுட்டு இன்னொரு வெசத்தை வுடும். அதைத் தின்ன இன்னொரு கிருமி. அது வுடறது அவ்ளோ கெடுதி இல்ல. இந்த சுத்துக்குப் பேருதான் சைக்கிள். ரெண்டு கிருமியும் கல்லுலயும் மணல்லயும் குடியேறிட்டா சைக்கிள் முடிஞ்சிதுன்னு அர்த்தம். அப்புறம் மீனு வுடலாம். முன்னாடியே வுட்டா செத்துடும்.”

“எப்ப முடியும்?”

“அது அதுக்கே தெரியாதுக்கா.”

இந்தப் பதிலை நான் பத்திரப்படுத்திக்கொண்டேன். கதை எப்போது முடியும் என்று இதழாசிரியர் கேட்டால் உதவும்.

‘இரண்டாவது தொடக்கம்: கடல் விழுப்புரத்துக்கு வந்தது ஒரு’

(கடல் வரவில்லை. உப்புதான் வந்தது, பக்கெட்டில், கூரியரில். ‘கடல் வந்தது’ என்று எழுதினால் விமரிசகர்கள் மகிழ்வார்கள், அம்மணியம்மா அடிக்க வருவார். “மரக்காணத்துல உப்பை மலை மலையா குமிச்சி வெச்சிருக்கான். அதை வுட்டுட்டு பக்கெட்டுல வாங்கியாந்திருக்கான் பாரு” என்பது அவர் தரப்பு. சமையல் உப்பில் கடல் மீன் வாழாது, அதற்கு வேறு சத்தெல்லாம் கலந்த உப்பு வேண்டும் என்றான் மகன். “ஏன், நாம வாழல?” என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.)

3

இப்போது பெண்.

அன்புச்செல்வி திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். (முதல் வரைவில் டீச்சர் ஆக்கியிருந்தேன். டீச்சர் இல்லாத ஒரு டீச்சர் ஏற்கெனவே இந்தக் கதையில் இருப்பதால் எடுத்துவிட்டேன்.) தரகர் கண்ணையன் கொண்டுவந்த சம்பந்தம். இரண்டு வீட்டிலும் முதல் பேச்சுக்குச் சம்மதித்து, பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். முதல் நாளே அவள் கேட்டாள், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று.

“நானு, எங்கம்மா, அப்புறம் ரெண்டு கோமாளி மீனு” என்றிருக்கிறான் இவன். “ஆரஞ்சு கலரு. வெள்ளைப் பட்டை போட்டிருக்கும்.”

அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர்கூட ஊற்றியிருக்கவில்லை. திட்டம் போட்டுச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பெண்ணிடம் போய், மீன் இனிமேல்தான் வரும் என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? அதிலிருந்து ஒவ்வொரு போனும் “மீனுங்க எப்படி இருக்கு?” என்றுதான் ஆரம்பித்தது. போட்டோ கேட்டாள். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்றான். பெயர் கேட்டாள். நீங்களே வையுங்கள் என்றான். ஒன்றுக்குச் சுண்டல், இன்னொன்றுக்குப் பட்டாணி என்று வைத்தாள். இல்லாத மீன்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

பிறகு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் நாள் குறித்தார்கள். பெண் வர மாட்டாள், அப்பா வருவார். அப்பாவிடம் அவள் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: “வீடு வாசல்லாம் பாக்க வேணாம்ப்பா. சுண்டலும் பட்டாணியும் இருக்குதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க.”

ஆகவே நிலவரம் இது. மீன் இருந்தால் கல்யாணம். இல்லாவிட்டால் அவன் புளுகன். மீன் விட்டாலோ மீன் சாகும்.

“பாண்டிச்சேரியில கெடைக்குதாமே. ஜல்தியா போய் ரெண்டு வாங்கியாந்து வுடேன்டா” என்றார் அம்மணியம்மா. “அவங்க வந்து சாப்ட்டுட்டுப் போற வரைக்கும் உயிரோட இருந்தா போதாதா?”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் கல்யாணம்டா!”

“சாவும்னு தெரிஞ்சே எப்படிம்மா வுடறது?”

“ஞாயித்துக்கெழமையானா கொழம்புல எத்தினி மீனு தின்ற நீ?”

“அதுங்களுக்குப் பேரு வெக்கலையேம்மா.”

4

இதுவரை எழுதியதை இதழாசிரியருக்குப் படித்துக் காட்டினேன். “இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருப்பானா? நம்பும்படியாக இல்லை” என்றார். கூடவே, “சைக்கிள் எப்போது வரும்?” என்றார்.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், நான் எதற்கு இருக்கிறேன்? ஒரே வரியில் இவன் கஷ்டத்தைத் தீர்க்க முடியாதா?

‘அன்று காலை தண்ணீரைச் சோதித்தபோது விஷம் துளியும் இல்லை. சைக்கிள் முடிந்திருந்தது. புகழேந்தி துள்ளிக் குதித்து’

சந்தோஷப்படுவான் என்று நினைத்து அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் படித்துவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினான். பச்சை.

“மஞ்சளா வந்தாத்தான்க்கா வெசம் இல்லைன்னு அர்த்தம். நீங்க எழுதிட்டா மஞ்சளா ஆயிடுமா?”

“கதையிலதானேடா.”

“கதையில வுட்டா கதையில சாவும்க்கா.”

எனக்குக் கோபம் வந்தது. வாடகைக்கு இருக்கிறவள் என்ற நினைப்பில்தானே எழுத்தாளரையே திருத்துகிறான்? மாடிக்கு வந்து அந்த வரியை அடித்தேன். அடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த மடையனுக்கு அந்தப் பெண் கிடைத்துவிட வேண்டும் என்று எனக்கு மனசார ஆசை வந்தது அப்போதுதான். நடுநிலையான எழுத்தாளரைத் தேடுகிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

5

பெண்ணின் அப்பா பெயர் விருத்தாசலம். திண்டிவனத்தைத் தாண்டிச் சொந்த நிலம், நிலக்கடலை, அவர் பேச்சில் மல்லாட்டை, போட்டிருக்கிறார். மனைவி தவறிய பிறகு வீட்டில் அவரும் மகளும்தான். வண்டி வாங்க வசதி இருந்தும் கழனிக்கு சைக்கிளில்தான் போவார். (ஆசிரியர் கவனிக்க: இதோ சைக்கிள்.)

அவரைப் பற்றிக் கண்ணையன் அழாத குறையாகச் சொல்லியிருந்தார். “எந்த வீட்டைக் காட்டினாலும் எதனா நொட்டை சொல்லுவாருங்க. ஒரு வீட்ல கெணறு சரியில்லன்னாரு. ஒரு வீட்ல நாயி தன்னைப் பாத்துக் கொலைக்கலன்னாரு. கொலைச்சா இன்னா சொல்லியிருப்பாரோ!”

அப்படிப்பட்டவர் உறவுக்காரர்களோடு வாடகைக் காரில் இங்கே வந்து இறங்கும்போது மலர்ந்த முகத்தோடு இருந்தார். காரணம் கண்ணையன். அம்மணியம்மா புலம்பியதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளை வுடாம சைக்கிள் பண்றாருங்க. அது முடியாம வேற எதையும் தொட மாட்டாரு” என்று திண்டிவனத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

கூட்டம் குறைவாகத் தெரியக் கூடாது என்று அம்மணியம்மா என்னையும் கூப்பிட்டுத் தன் பெரியம்மா மகளாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். அதனால் இந்தப் பகுதிக்கு நானே சாட்சி.

“தம்பி சைக்கிள் வுடறதா சொன்னாங்க. ரொம்ப சந்தோசம். எங்க நிறுத்தி வெச்சிருக்கீங்க?” என்றார் விருத்தாசலம்.

புகழேந்தி தொட்டியைக் காட்டினான். “இதாங்க ஐயா.”

அவர் தொட்டியைப் பார்த்தார். எட்டி அதன் பின்னால் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

“உள்ளயா இருக்குது?”

“உள்ளதான் நடந்துக்கினு இருக்குதுங்க.”

விருத்தாசலம் கண்ணையனைப் பார்த்தார். கண்ணையன் மின்விசிறியைப் பார்த்தார்.

“சரி, அது கெடக்கட்டும். சுண்டலும் பட்டாணியும் எங்க?”

“பேரு இருக்குதுங்க ஐயா. மீனு இன்னும் வரல.”

6

(இங்கே ஓர் அடிக்குறிப்பு தேவை. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவில் போடுகிறேன். சம்பந்தம் பேசப் போன வீட்டில் பிடித்திருந்தால்தான் சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் சரி என்று அர்த்தம், பிறகு பேச்சு மாறக் கூடாது. அதற்குச் சாப்பிடுவது என்று பெயரில்லை, கை நனைப்பது என்று பெயர். பிடிக்காவிட்டால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, கை நனைக்காமல் எழுந்துவிடுவார்கள்.)

அம்மணியம்மா வடை, பாயசத்தோடு இலை போட்டுக் காத்திருந்தார். விருத்தாசலம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கை நனைக்கறதை இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்மா. உத்தரவு வாங்கிக்கறோம்” என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது. அம்மணியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை முட்டியது.

வாசலுக்குப் போக, தொட்டியைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது விருத்தாசலம் நின்று மூக்கைச் சுளித்தார். விவசாயி, சும்மா போகத் தெரியாத மனிதர். “ஏம்ப்பா, இதுல என்னமோ செத்துக் கெடக்குது, அதைப் பாத்துக்கினே நிக்கிறீங்களே” என்றவர், யாரும் தடுப்பதற்குள் வலது கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு சாக்ஸைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.

“மாமா! எடுக்காதீங்க மாமா!”

புகழேந்தி பாய்ந்து வந்து அவர் கையிலிருந்து சாக்ஸை வாங்கி, பக்குவமாக மறுபடி தண்ணீரில் தொங்கவிட்டான். சம்பந்தம் போனபோது வாயே திறக்காதவன், அழுகிய இறாலுக்காகப் பதறியதை எல்லாரும் பார்த்தோம். விருத்தாசலமும் பார்த்தார். அவர் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் கண்ணையன். “கை நனைச்சிட்டாரு!”

“யோவ், இது மீன் தொட்டிய்யா” என்றார் விருத்தாசலம்.

“தண்ணிதானுங்களே? கை நனைஞ்சிதா இல்லையா?”

“நான் ஒண்ணும் சாப்பிடல!”

“கை நனைக்கறதுன்னுதானுங்க சொல்றாங்க. வாய் நனைக்கறதுன்னா சொல்றாங்க? மாப்பிள்ளை மாமான்னும் கூப்ட்டுட்டாரு.”

அம்மணியம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். “அதுல இருக்கறது எங்க வீட்டு உப்பு அண்ணே” என்றார். பக்கெட் உப்பைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விருத்தாசலம் தப்பிக்க வழி தேடி என்னைப் பார்த்தார். “நீங்க டீச்சராமே. நீங்களே சொல்லுங்கம்மா, இது கணக்குல சேருமா?” எழுதுகிறவளாக இத்தனை வருஷம் இருந்தும் ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னை யாரும் இவ்வளவு அவசரமாகக் கேட்டதில்லை. சேரும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெரியம்மா மகளும் எழுத்தாளரும் ஒரே நேரத்தில் பேச முயன்றதில் இருமல்தான் வந்தது.

7

கடைசியில் அவர் இடது கையால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மாடி, மீனு இல்லம்மா. செத்த இறால்தான் இருக்குது. அதுல என் கை நனைஞ்சிப்போச்சி. இப்ப இன்னா பண்றது?”

“அவரு கிட்ட குடுங்கப்பா” என்றாள். குடுக்கத் தேவையில்லை, எல்லாருக்கும் கேட்டது. “ஏங்க பொய் சொன்னீங்க?”

“பொய்யில்லங்க. கொஞ்சம் சீக்கிரமா சொல்லிட்டேன்.”

“ரெண்டு மீனு வாங்கி வுட்டிருந்தா எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுங்க. மீனுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

நான் அதுவரை எழுதிய எல்லா வசனங்களையும் மனசுக்குள் கிழித்துப் போட்டேன்.

“அப்பா, அந்தக் கையைக் கழுவாதீங்க. அப்படியே வீட்டுக்கு வாங்க.”

“நாறுதும்மா.”

“நாறுதான்னுதான்ப்பா பாக்கணும். இறாலாவது நெசமான்னு நான் மோந்து பாத்துட்டுச் சொல்றேன்.”

8

கார் கிளம்பிவிட்டது. நான் காரில் இல்லை. ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. இதுவரை வந்ததையும் நீங்கள் அப்படியே வைத்துக்கொண்டால் எனக்கு நஷ்டமில்லை.

விருத்தாசலம் முன்சீட்டில் உட்கார்ந்து வலது கையை நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருக்கிறார். பின்சீட்டில் உறவுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

அ) கை அப்படியே திண்டிவனம் போய்ச் சேர்கிறது. அவள் மோந்து பார்த்து, “ஐயே” என்று சிரிக்கிறாள். கல்யாணம்.

ஆ) விக்கிரவாண்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொள்கிறது. அவர் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறார். மழை கழுவினால் அது யார் குற்றம்? (விட்டுவிட்டேன். மேகமே இல்லை.)

இ) அவர் பாதி வழியில் இறங்கி ஒரு சைக்கிளை வாங்கி (ஆசிரியர் கேட்டுக்கொண்டபடி)

மூன்றையும் ஒதுக்கிவிட்டேன். ஏனென்றால் கூட்டேரிப்பட்டில் டீ குடிக்கக் காரை நிறுத்திவிட்டார்கள். இடது கையால் டீ குடித்து முடித்த விருத்தாசலத்திடம் டீக்கடைக்காரர், பார்த்த உடனே புரிந்துகொண்டு, “கை கழுவற எடம் அந்தாண்ட இருக்குதுங்க” என்கிறார். அவரும் எழுந்து அங்கே போகிறார். கை கழுவினால் என்ன அர்த்தம் என்று தமிழ் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நனைத்ததற்கு ஒரு அர்த்தம் இருந்தால் கழுவுவதற்கும் ஒன்று இருக்கத்தானே செய்யும்?

அவரை முரட்டு ஆளாக எழுதியது தப்பு என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. கிணற்றிலும் நாயிலும் அவருக்கு என்ன குறை? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாப்பிடாமல் திரும்பி வந்ததால் மகள் இன்னும் கொஞ்ச நாள் அவர் வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். இன்றைக்கும் அப்படித்தான் எழுந்தார். கைதான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நாற்றத்துக்காக அவர் குழாயடிக்குப் போகவில்லை. இந்தக் கையை மோந்து பார்த்தால் மகள் சிரித்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். சிரித்தால் விழுப்புரத்துக்குப் போய்விடுவாள். மனிதர் பயந்துபோய் நிற்கிறார்.

குழாயைத் திறந்துவிட்டார். கையை இன்னும் நீட்டவில்லை.

கழுவாதீர்கள் என்று நான் எழுதினால், அது புகழேந்திக்காக எழுதியதாகிவிடும். கழுவிக்கொள்ளுங்கள் என்று எழுத எனக்கு மனசில்லை. ஒன்றும் எழுதாமல் இங்கே அவரைத் தனியாக விட்டுப் போகவும் மனசில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போகிறவராக இருந்தால் வண்டியைக் கொஞ்சம் ஓரம்கட்டுங்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முழங்கை வரை உப்புப் பூத்திருக்கும். பக்கத்தில் போய் நின்று ஏதாவது ஒன்று சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது.